மேடையில் கொடுத்த தலை

— அதான் கேக்கறேன், நீ இப்ப எதுக்கு வந்த?

— எதுக்குன்னா? அண்ணனப் பாக்கத் தம்பி வரக்கூடாதா?

— வரலாம். ஆனா வந்ததுலருந்து உன் புரோட்டீன் கதைதான் ஓடுது. எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்த கேக்கல.

— அதத்தான் அண்ணா வேற விதமாக் கேட்டுட்டிருக்கேன். இந்த நடுக்குவாதத்துல உங்க உடம்புக்குள்ள நடக்கறதத்தானே விளக்கறேன்.

— என் உடம்புக்குள்ள நடக்கறது எனக்குத் தெரியாதா? சட்டப் பொத்தான் போட உக்காந்தேன்னா, முடிக்கறதுக்குள்ள உங்க அண்ணி மருந்துக் கடைக்குப் போயிட்டு வந்துடறா. இன்னிக்கும் போயிருக்கா. சட்டை இன்னும் பாதியிலதான் நிக்குது, பாரு.

— நான் போட்டு விடறேன்.

— வேண்டாம். அது எனக்கு ஒரு வேலை. நீ உன் கதையச் சொல்லு. கயிறு மாதிரி ஒண்ணு இருக்குன்னியே, அப்புறம்?

— அதாவது, சுருக்கமாச் சொன்னா...

— நீ சுருக்கமாச் சொன்னதாச் சரித்திரமே இல்ல. சொல்லு.

— நரம்பு செல்லோட நுனியில ஆல்ஃபா சைன்யூக்ளின்னு ஒரு புரதம் இருக்கு. அதுக்குன்னு சொந்தமா ஒரு வடிவம் கெடையாது. அவுத்துப் போட்ட கயிறு மாதிரி கெடக்கும். செல்லுக்கும், செல்லுக்குள்ள இருக்கற குட்டிக் குட்டிப் பைகளுக்கும், கொழுப்பால ஆன மெல்லிய சவ்வு ஒண்ணு சுவர் மாதிரி. அந்தச் சவ்வு மேல போய்ச் சாஞ்சாத்தான் இந்தக் கயிறு ஒழுங்காச் சுருண்டு ஒரு உருவத்துக்கு வரும்.

— சாஞ்சாத்தான் உருப்படும்.

— ஆமா.

— நம்ம வீட்லயும் ஒருத்தன் அப்படி இருந்தான். கல்லூரிக்கு அனுப்பற வரைக்கும் என் தோள்ல சாஞ்சிக்கிட்டே இருந்தான்.

— அண்ணா.

— சிரிச்சேன்.

— என்ன?

— இப்ப நான் சிரிச்சேன். மூஞ்சி இறுகிப் போச்சுல்ல, உள்ள சிரிச்சாலும் வெளிய தெரியறதில்ல. அதனால வாயால சொல்லிடறேன். இல்லன்னா உங்க அண்ணி நான் கோவமா இருக்கேன்னு நெனச்சிட்டுப் பாத்திரத்த உருட்டறா. நீ மேல சொல்லு.

— வயசாக ஆக அந்தச் சவ்வோட கொழுப்பு மாறுது. இல்லன்னா புரதம் அளவுக்கு மீறிச் சேந்துடுது. அப்ப, சாஞ்சு நிக்கறதுல ஒண்ணு ரெண்டு தப்பா மடிஞ்சிடும். தப்பா மடிஞ்சது பக்கத்துல இருக்கறதயும் தன்ன மாதிரியே மடிக்கும். அப்படியே ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கட்டியாகி, தான் சாஞ்சிருந்த அதே சவ்வுலயே ஓட்டை போடும். வெளிய நிக்க வேண்டியதெல்லாம் உள்ள வந்துடும். செல் செத்துப் போகும். கட்டி அடுத்த செல்லுக்குக் குடி போகும்.

— சாஞ்ச சுவத்துலயே ஓட்டை.

— எளிய மக்களுக்கு அப்படிச் சொல்லலாம்.

— எளிய மக்கள்னா யாரு, நானா?

— பொதுவாச் சொன்னேன்.

— இப்ப சிரிக்கல.

— இதுல உலக அளவுல ஒரு பெரிய விவாதம் நடக்குது அண்ணா. புரதம் கெட்டுச் சவ்வக் கெடுக்குதா, சவ்வு கெட்டுப் புரதத்தக் கெடுக்குதா? நான் சவ்வுதான் மொதல்னு சொல்ற அணி. அந்தக் கருத்த நிலைநாட்டினதுல அடியேனோட பங்கு கொஞ்சம்...

— எதிர் அணியில யாரு?

— அவங்கள நான் பொருட்படுத்தறதில்ல. மாநாட்டுல சாப்பாட்டு மேசை கூட எங்களுக்குத் தனி.

— மேசையே தனின்னா பெரிய சண்டைதான். எங்க துறைமுகத்துலயும் உண்டு. சரக்குப் பொட்டி ஒண்ணு விழுந்துட்டா, கொக்கி மேல தப்பா, சங்கிலி மேல தப்பான்னு ரெண்டு அதிகாரிங்க ஒரு வருஷம் முறைச்சிட்டுத் திரிவாங்க. நான் கிரேன் ஓட்டின காலத்துல அதுவே எனக்குப் பொழுதுபோக்கு. சரி, இதையெல்லாம் நீ எங்க பாக்கற? யாரோட மூளையில?

— மூளையில இல்ல. ஆய்வகத்துலயே செயற்கையாச் சவ்வு செய்வோம். முட்ட மஞ்சக்கருவுலருந்து கொழுப்பு எடுத்து, தண்ணியில கலக்கி, கண்ணுக்குத் தெரியாத குமிழியாக்கி...

— முட்டை.

— சுத்திகரிக்கப்பட்ட கொழுப்பு அண்ணா.

— வாழ்க்க பூரா முட்டையோட மல்லுக்கட்டிட்டு, அழைப்பிதழ்ல மட்டும் மூளை அறிஞர்னு போட்டுக்கறியா?

— உலகம் பூரா அப்படித்தான் ஆரம்பிக்கறாங்க. ஆனா இப்ப கட்டுரை அனுப்பினா, குமிழியில காட்டினது போதும், மனுஷ மூளையில காட்டுங்கன்னு திருப்பி விட்டுடறாங்க. அதுக்கு மூளை வேணும். இந்த நோயோட வாழ்ந்து, அதோட போக்கு முழுக்கப் பதிவாகி, அப்புறம் இயற்கை எய்தியவரோட...

— செத்தவனோட.

— செத்தவரோட. அதுவும் செத்த சில மணி நேரத்துல எடுத்துடணும். தாமதமானா சவ்வு கலைஞ்சிடும்.

— அப்ப நல்ல ஆபீஸ் நேரமாப் பாத்துச் சாகணும். ஞாயித்துக்கெழம ஆள் இருப்பாங்களா?

— எந்நேரமும் இருப்பாங்க. அண்ணா, இது சிரிக்கற விஷயமில்ல.

— மேடையிலயும் இப்படித்தான் கம்பீரமாச் சொன்னியா?

— எந்த மேடையில?

— போன வாரம் முடி வெட்டப் போனேன். முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் பெஞ்சுலருந்து எந்திரிச்சு வந்து எங்கையப் பிடிச்சாரு. கை நடுங்குது, பாவம், தாங்கிப் பிடிக்கறாரு போலன்னு நெனச்சேன். பாத்தா அவரு கண்ணு கலங்கியிருக்கு. உங்கள மாதிரி ஒரு தியாகிய நேர்ல பாக்கக் குடுத்து வெச்சிருக்கணும்ங்கறாரு. முடி வெட்டறவன் கத்திரிக்கோலக் கீழ வெச்சிட்டான். 'ஐயா, இனிமே உங்க தலைய நான் பதமாத்தான் தொடணும், அது ஆராய்ச்சிச் சொத்து'ன்னான்.

— அவங்களுக்கு யாரு சொன்னது?

— நீதான். பேப்பர்ல படம் போட்டிருந்தான். ரெண்டு கையயும் விரிச்சிட்டு நிக்கற. கீழ பெரிய எழுத்துல, 'என் அண்ணனே தன் மூளையை அளிக்கிறார்: பேராசிரியர் உருக்கம்.' உருக்கம்னு போட்டிருந்தான்டா.

— அதச் சொல்லத்தான் வந்தேன்.

— இப்பத்தான் அண்ணனப் பாக்க வந்தேன்ன.

— பாத்துட்டுச் சொல்லலாம்னு.

— எப்படிடா வந்துச்சு அந்த வார்த்த உன் வாயில?

— மூளைதானத்தோட அவசியத்தப் பத்திப் பேசினேன். அரங்கம் நெறஞ்சிருந்தது. நல்லாத்தான் போயிட்டிருந்தது. கடைசியில ஒரு அம்மா எந்திரிச்சு, எங்ககிட்ட கேக்கறீங்களே, உங்க வீட்ல யாராவது குடுக்கறாங்களான்னு கேட்டுட்டாங்க. பின்வரிசையில ரெண்டு பேர் சிரிச்சாங்க. எதிர் அணிக்காரங்க. அந்தச் சிரிப்புதான் அண்ணா. வாய் தானாச் சொல்லிடுச்சு.

— தானா.

— எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க. சிரிச்ச ரெண்டு பேரும் தட்டினாங்க. அதுக்கு மேல, இல்லங்க, இன்னும் கேக்கலன்னு எப்படிச் சொல்றது?

— உன் தலையச் சொல்லியிருக்கலாமே.

— என் மூளையில இந்த நோய் இல்லையே.

— ஆமா, உனக்கு அந்தக் குடுப்பினை இல்ல. சிரிச்சேன்.

— வர வெள்ளிக்கெழம அடுத்த கூட்டம். உங்கள மேடையில உக்கார வெச்சுக் கௌரவிக்கணும்னு நிர்வாகத்துல ஆசப்படறாங்க.

— இன்னும் உசுரோட இருக்கேனே. வெறுங்கையோட எப்படி மேடை ஏறறது?

— கார் அனுப்புவாங்க. நீங்க ரெண்டு வார்த்த பேசினாப் போதும். சிரமப்படக் கூடாதுன்னு நானே எழுதிக் கொண்டாந்திருக்கேன்.

— குடு பாப்போம். 'எந்தன் மூளை மண்ணுக்கல்ல, மானுடத்துக்கே.' எந்தனா?

— மேடைக்கு அது கொஞ்சம் எடுப்பா இருக்கும்.

— நான் இப்படிப் பேசினா உங்க அண்ணி பயந்துடுவா. நோய் முத்திடுச்சுன்னு நெனச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவா. அது இருக்கட்டும், மேடையில நான் நடுங்கணுமா, நடுங்காம இருக்கணுமா? எது அவங்களுக்கு வசதி? முன்னாடியே சொல்லிட்டா மாத்திரைய அதுக்கேத்த மாதிரி போட்டுக்குவேன்.

— இப்படியெல்லாம் பேசாதீங்க.

— குரலும் போயிட்டிருக்குடா. நீயே நாற்காலிய இழுத்துக் கிட்டப் போட்டுத்தான் கேக்கற. இருக்கற வரைக்கும் பேசிக்கறேனே.

— நான் காபி போடட்டுமா?

— பேச்ச மாத்தற.

— தொண்ட காயுது அண்ணா. அண்ணியும் வரக் காணோம்.

— போடு. பால் ஃப்ரிட்ஜுல இருக்கு.

— ரெண்டு பேருக்கும் வெச்சிட்டேன். காயட்டும்.

— உக்காரு. இப்ப நான் கேக்கறேன், நீ எந்தன் உந்தன் இல்லாமச் சொல்லு. எடுத்து என்ன பண்ணுவீங்க?

— ரெண்டாப் பிரிப்பாங்க. ஒரு பாதிய மருந்துத் தண்ணியில ஊற வெப்பாங்க. இன்னொரு பாதிய உறைய வெச்சு, தட்டு தட்டா இருக்கற குளிர்ப் பெட்டியில அடுக்குவாங்க. யாராவது கேட்டா, மெல்லிசாச் சீவிக் குடுப்பாங்க.

— நீ சீவுவியா?

— நானா? அதுக்கு ஆள் இருக்காங்க.

— நீ பாக்கவாவது செய்வியா?

— எனக்குச் சீவின சில்லாத்தான் வரும். பேர் இருக்காது, எண்ணுதான். யாரோடதுன்னு எனக்குத் தெரியாது.

— நல்ல ஏற்பாடு. நான் உசுரோட இருக்கறப்பவும் உனக்கு அப்படித்தானே வசதியா இருக்கு.

— என்ன சொல்றீங்க?

— இந்த நோயப் பத்திப் பேச ஊர் ஊராப் போற. நோய்க்காரன் இருக்கற தெருவுக்கு வர்றதில்ல. போன தடவ வந்தப்ப நான் சாப்பாட்ட மடியில சிந்திட்டேன். நீ போன் வந்த மாதிரி காதுல வெச்சிக்கிட்டு வாசலுக்குப் போன. போன் அடிக்கவே இல்ல.

— பாக்க முடியல அண்ணா.

— எத?

— உங்க கைய. அத்தன பெரிய பெட்டிய ஆகாசத்துல கொண்டு வந்து, மேசையில தாள் வெக்கிற மாதிரி கப்பல்ல வெப்பீங்க. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு, அது எங்கண்ணன்னு பக்கத்துல நிக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருப்பேன். அந்தக் கை இப்ப ஒரு கரண்டியத் தூக்கிட்டு வாய்க்கு வழி தெரியாம அலையுது. உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும். எந்த இடம் மொதல்ல போகும், அடுத்து எது போகும், எல்லாம் தெரியும். தெரிஞ்சு என்ன? குமிழியில பலிச்ச மருந்து எலியில பலிக்கல. எலியில பலிச்சது மனுஷன்கிட்ட பலிக்கல. முட்டைன்னு கிண்டல் பண்றீங்க. உண்மதான். முட்டைக்கு மட்டும்தான் எனக்கு வைத்தியம் தெரியும்.

— இது சிரிப்பு இல்ல. வேற ஒண்ணு. அதுக்கும் மூஞ்சி ஒத்துழைக்கல.

— குடுப்பீங்களா அண்ணா?

— மாட்டேன்.

— அண்ணா...

— நீ வந்து கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன்டா. தலை என்ன, ஆளையே தூக்கிட்டுப் போன்னிருப்பேன். நீ கேக்காமயே குடுத்துட்ட. எங்கிட்ட இப்ப என்ன மிச்சம் இருக்கு சொல்லு. கை என் பேச்சக் கேக்கறதில்ல. கதவு கிட்டப் போனாக் காலு தரையோட ஒட்டிக்குது. படுக்கையில ஒருக்களிச்சுத் திரும்பணும்னாக் கூட உங்க அண்ணிய எழுப்பணும். ஒண்ணே ஒண்ணுதான் இன்னும் எங்கிட்ட இருந்துச்சு. வேணும், வேண்டாம்னு சொல்றது. அதயும் எனக்காக நீயே மேடையில சொல்லிட்ட.

— தப்புதான். மன்னிச்சிடுங்க.

— மன்னிச்சாச்சு. ஆனாக் குடுக்க மாட்டேன்.

— சரி. பேப்பர்ல மறுப்புப் போடச் சொல்லிடறேன். மானம் போனாப் போகட்டும்.

— போடுவான். 'அண்ணனுக்கு மூளை இல்லை: பேராசிரியர் திருத்தம்.'

— இப்ப நான் சிரிச்சேன் அண்ணா.

— தெரியுது. உன் மூஞ்சிக்கென்ன, எல்லாம் தெரியுது.

— ஏங்க. ஏங்க. என்னங்க இது, படிக்கட்டு பூரா கேஸ் நாத்தம்.

— அண்ணி வந்துட்டாங்க. நாங்க இங்கதான் இருக்கோம் அண்ணி.

— தம்பியா? லைட்டத் தொடாதீங்க தம்பி, எதயும் தொடாதீங்க. அந்தச் சன்னல்கள மொதல்ல தெறங்க. ஐயோ, பால் பொங்கி அடுப்ப அணைச்சிருக்கு. கேஸ் அது பாட்டுக்கு வந்துட்டே இருக்கு.

— மூடிட்டீங்களா அண்ணி?

— மூடிட்டேன். கீழ் வீட்டுக்காரரு துண்டால மூக்கப் பொத்திட்டுத் தெருவுல நிக்கறாரு. நீங்க ரெண்டு பேரும் இதுக்கு நடுவுல உக்காந்து சிரிச்சிட்டிருக்கீங்க.

— நான்தான் பால் வெச்சேன். பேச்சுல மறந்துட்டேன் அண்ணி.

— பால மறக்கலாம் தம்பி. மூக்க எங்க வெச்சீங்க? இவருக்கு ஒண்ணும் வராது. கை நடுங்கறதுக்குப் பல வருஷம் முன்னாடியே இவரு மூக்கு செத்துப் போச்சு. கொழம்பு தீஞ்சாக் கூடப் பக்கத்துலயே உக்காந்திருப்பாரு, நான் திட்டுவேன். இந்த நோய் அப்படித்தான் ஆரம்பிக்கும்னு டாக்டர் சொன்னப்புறம்தானே தெரிஞ்சுது. உங்களுக்கு என்ன வந்துச்சு?

— சளி அண்ணி.

— சளியா? குரல் கணீர்னு இருக்கு. அது போதாதுன்னு சென்ட்டு வேற. பாட்டிலயே தலையில கவுத்துக்கிட்டீங்களா? இத்தன கேஸ் நாத்தத்துலயும் அது தனியா வந்து அடிக்குது.

— லேசாத்தான் போட்டேன்.

— இந்தாம்மா, நீ கீழ போய் அவருகிட்ட ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு வா.

— இப்பவாங்க? இப்பத்தான் ஏறி வரேன்.

— இப்பதான். மனுஷன் பயந்து நிப்பாரு.

— போறேன். சன்னல மூடிடாதீங்க ரெண்டு பேரும்.

— டேய்.

— ம்.

— எப்போருந்து?

— சளிண்ணா. மழையில நனஞ்சேன்.

— அந்தப் பக்கம் திரும்பாத. எப்போருந்து?

— ரெண்டு வருஷமா இருக்கும்.

— உன் பொண்டாட்டி சொல்லலையா?

— சென்ட்டு ஜாஸ்தி, ஜாஸ்தின்னு சொல்லிட்டே இருப்பா. அவளுக்கு மூக்கு கூர்மைன்னு நெனச்சேன்.

— உனக்கே தோணலையா?

— வருஷா வருஷம் மொதல் வகுப்புல இததான் நடத்தறேன் அண்ணா. புரதம் தப்பா மடியறது பல பேருக்கு மூக்கு நரம்புலதான் ஆரம்பம்னு படம் போட்டுக் காட்டுவேன். பசங்க உடனே அவங்கவங்க கைய மோந்து பாப்பாங்க. நான் கிண்டல் பண்ணுவேன்.

— வேற எதுனாலயும் இருக்கும்ல?

— இருக்கலாம். ஆயிரம் காரணம் இருக்கு. எல்லாம் மனப்பாடமாச் சொல்லுவேன். இப்ப ஒண்ணு கூட ஞாபகம் வரல.

— டாக்டரப் பாத்துடுவோம். நானும் வரேன்.

— எனக்குப் பயமா இருக்குண்ணா.

— கிட்ட வா. இன்னும் கிட்ட. நடுங்கறது என் கைடா, உன்னோடது இல்ல.

— விடாதீங்கண்ணா.

— அந்தக் குளிர்ப் பொட்டியில பேர் இருக்காது, எண்ணுதான்ன. இருக்கட்டும். முன்கூட்டியே சொல்லி வெச்சா, அண்ணன் தம்பிய ஒரே தட்டுல வெப்பாங்களா?